தொடக்ககால வீடியோ கேம் கருவிகளைப் புரிந்து படிக்கும் முறை

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் வீடியோ கேம் கருவிகள் 1972இல் விற்பனைக்கு வந்தன. அன்று தொடங்கி 1985 வரையிலான வரலாற்றைப் படிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசைப்படுத்துவதில் தொடங்குகிறார்கள். அப்படிப் படித்தால் எது எதற்கு முன் வந்தது என்பது மனத்தில் நிற்கும். ஒவ்வொரு கருவியும் ஏன் அந்த வடிவத்தில் அமைந்தது என்பது பிடிபடாது. நான் எந்தக் கருவியை எடுத்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கிறேன்: திரையில் படத்தை வரைவது எது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் அந்தக் கருவியின் விலை, அதன் ஆட்டங்களின் தோற்றம், அவற்றில் தெரியும் குறைகள் ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பொருந்தி விளங்கத் தொடங்கும். அந்த விடையைத் தேடும் வழியைத்தான் இங்கே விளக்குகிறேன்.

மின்னணுக் கற்றையிலிருந்து தொடங்குங்கள்

படக்குழாய்த் தொலைக்காட்சியில் ஒரு மின்னணுக் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு வரைந்து, சட்டென்று இடப்பக்கம் திரும்பி, அடுத்த கோட்டை வரைகிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கிய என்.டி.எஸ்.சி. முறையில் ஒரு முழுப் படம் 525 கோடுகள் கொண்டது. விளையாட்டுக் கருவிகள் பெரும்பாலும் அதை ஏறத்தாழப் பாதியாக்கி, 262 கோடுகள் கொண்ட படத்தை வினாடிக்குச் சுமார் 60 முறை அனுப்பின. ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் நேரம் 63.5 மைக்ரோவினாடி மட்டுமே. கற்றை யாருக்காகவும் நிற்காது. அது ஓர் இடத்தைக் கடக்கும் அதே கணத்தில், அங்கே என்ன நிறம் வேண்டுமோ அதற்குரிய மின்னழுத்தம் தயாராக இருக்க வேண்டும்.

இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. முழுப் படத்தையும் நினைவகத்தில் எழுதி வைத்துக்கொண்டு, கற்றை ஓடும் வேகத்தில் அதை வரிசையாகப் படித்து அனுப்பலாம். அல்லது எதையும் சேமிக்காமல், கற்றை வந்து சேரும்போது அங்கே என்ன தெரிய வேண்டும் என்பதை அப்போதைக்கப்போது முடிவு செய்யலாம். எழுதி அழிக்கக்கூடிய நினைவகம் 1970களில் மிகவும் விலை உயர்ந்த பொருளாக இருந்தது. ஆகவே அக்காலப் பொறியாளர்கள் இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவே எங்கோ ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லலாம்.

ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள்: வெளிவந்த ஆண்டு, நுண்செயலி, ஆட்டம் பயன்படுத்தும் நினைவகம், படத்துக்கென்று ஒதுக்கிய நினைவகம். ஒவ்வொரு கருவியைப் பற்றிப் படிக்கும்போதும் இந்த நான்கையும் நிரப்புங்கள். கடைசிப் பத்தியில் வரும் எண்தான் மற்றவற்றைவிட அதிகம் பேசும்.

நினைவகமே இல்லாத கருவி

முதல் வரியில் மேக்னவாக்ஸ் நிறுவனம் 1972இல் வெளியிட்ட ஒடிசி வரும். சாண்டர்ஸ் அசோசியேட்ஸ் என்ற பாதுகாப்புத்துறை மின்னணு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ரால்ஃப் பேர், இதற்கான எண்ணத்தை 1966இல் நான்கு பக்கங்களில் எழுதி வைத்தார். பில் ஹாரிசன், பில் ரஷ் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய மாதிரிகளில் கடைசியானது, மரத்தோற்றம் கொண்ட தாள் ஒட்டப்பட்டிருந்ததால் பழுப்புப் பெட்டி என்று அழைக்கப்பட்டது; அதுவே ஒடிசியின் மூலம்.

ஒடிசிக்கு உங்கள் தாளில் மூன்று பத்திகள் வெறுமையாகவே இருக்கும், ஏனெனில் அதில் நுண்செயலியும் இல்லை, நினைவகமும் இல்லை. டிரான்சிஸ்டர்களும் டயோடுகளும் மின்தேக்கிகளும் கொண்ட தனித்தனிச் சுற்றுகள்தாம் உள்ளே இருந்தன. ஒரு வெள்ளைச் சதுரம் திரையில் தோன்ற வேண்டுமானால், ஒரு கோடு தொடங்கியதும் ஒரு சுற்று சிறிது நேரம் காத்திருந்து, பிறகு ஒரு குறுகிய மின்துடிப்பை வெளியிடும். விளையாடுபவர் குமிழைத் திருகினால் அந்தக் காத்திருப்பின் அளவு மாறும், சதுரம் நகரும். படம் என்பது இங்கே ஒரு கால அளவு மட்டுமே என்பதை ஒருமுறை நன்றாக உள்வாங்கிக்கொண்டால், பின்னால் வரும் கருவிகள் எளிதாகிவிடும்.

ஒடிசியில் செருகும் அட்டைகளைப் பார்த்துவிட்டு, அவற்றை இன்றைய கார்ட்ரிட்ஜின் (ஆட்டத்தின் நிரலைத் தாங்கி, கருவியில் செருகப்படும் சிறு பெட்டியின்) முன்னோடி என்று பலர் எழுதுகிறார்கள். அந்த ஒப்பீட்டை எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும். அட்டையில் நிரல் எதுவும் கிடையாது. கருவிக்குள் ஏற்கெனவே இருக்கும் சுற்றுகளில் எவற்றை எவற்றோடு இணைப்பது என்பதை மட்டுமே அதன் கம்பித் தொடர்புகள் தீர்மானித்தன. ஒலியும் நிறமும் மதிப்பெண் எண்ணிக்கையும் இல்லாத அந்தக் கருவியுடன், திரைமீது ஒட்டிக்கொள்ள ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்களும் பகடைகளும் சீட்டுகளும் சேர்த்தே விற்கப்பட்டன. இவற்றை வேடிக்கையான துணைப்பொருள்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மின்சுற்றால் செய்ய முடியாததைத் தாளும் மனிதர்களும் செய்தார்கள் என்பதே அந்த வடிவமைப்பின் சாரம்.

அட்டாரி நிறுவனத்தின் பாங் என்ற, பந்தை மட்டையால் தட்டும் ஆட்டத்தின் வீட்டுப் பதிப்பு 1975இல் சியர்ஸ் கடைகள் வழியாக விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் ஏஒய்-3-8500 என்ற ஒற்றைச் சில்லில் ஆறு ஆட்டங்களை அடக்கியது. அதை வாங்கிப் பெட்டியில் பொருத்தினால் யார் வேண்டுமானாலும் ஒரு பாங் கருவியை விற்கலாம் என்ற நிலை வந்ததால், கோலிக்கோவின் டெல்ஸ்டார் உட்பட ஏராளமான கருவிகள் சந்தையில் குவிந்தன. வடிவமைப்பைப் படிப்பவருக்கு இவற்றில் ஒன்றைப் பார்த்தால் போதும்.

நிரல் வெளியே வந்த தருணம்

1976 நவம்பரில் வந்த ஃபேர்சைல்டு சேனல் எஃப், உண்மையான கார்ட்ரிட்ஜ் கொண்ட முதல் வீட்டுக் கருவி. ஆல்பெக்ஸ் நிறுவனத்தில் வாலஸ் கிர்ஷ்னர், லாரன்ஸ் ஹாஸ்கல் ஆகிய இருவரும் உருவாக்கிய எண்ணத்தை, ஜெர்ரி லாசன் தலைமையிலான குழு ஃபேர்சைல்டின் எஃப்8 நுண்செயலியைக் கொண்டு விற்பனைப் பொருளாக்கியது. சில்லுகளைத் தாங்கிய ஒரு பலகையைச் சாதாரண மக்கள் நூற்றுக்கணக்கான முறை செருகிப் பிடுங்கினாலும் பழுதாகாதபடி செய்வது அன்று யாரும் தீர்த்திராத சிக்கல். லாசனின் பெயர் நீண்ட காலம் பேசப்படாமலே இருந்தது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. கார்ட்ரிட்ஜைப் பற்றி எழுதும் எவரும் அவரிடமிருந்து தொடங்குவதே முறை.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். சேனல் எஃப் தன் படத்தை 128 புள்ளி அகலமும் 64 புள்ளி உயரமும் கொண்ட கட்டமாகச் சேமித்தது. மொத்தம் 8,192 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பிட் என்றால் 16,384 பிட்; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 2,048 பைட். முழுப் படத்தையும் சேமிக்கும் வழியை அது தேர்ந்தெடுத்தது. அதற்கு விலையாகப் படம் பருமனான கட்டங்களாகத் தெரிந்தது. ஆட்டத்தின் பிற கணக்குகளுக்கு நுண்செயலிக்குள் இருந்த 64 பைட் மட்டுமே மிஞ்சியது.

128 பைட்டில் ஒரு திரை

1977 செப்டம்பரில் வெளிவந்து, பின்னாளில் 2600 என்று பெயர் மாற்றப்பட்ட அட்டாரி வி.சி.எஸ். கருவிக்கு உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை ஒதுக்குங்கள். ஸ்டீவ் மேயர், ரான் மில்னர், ஜோ டெக்கூர், ஜே மைனர் ஆகியோரின் உழைப்பில் உருவான இதில், 6507 நுண்செயலியும் மொத்தமே 128 பைட் நினைவகமும் இருந்தன. படத்துக்கென்று தனி நினைவகம் ஒரு பைட்கூடக் கிடையாது.

அதன் திரையில் ஒரு கோட்டுக்கு 160 புள்ளிகள். வழக்கமாகத் தெரியும் கோடுகள் 192. பெருக்கினால் 30,720 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரே ஒரு பிட் என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் படத்தைச் சேமிக்க 3,840 பைட் வேண்டும். கருவியில் இருந்த நினைவகத்தைப்போல் அது 30 மடங்கு. எனவே டி.ஐ.ஏ. எனப்பட்ட அதன் படச்சில்லு ஒரே ஒரு கோட்டுக்குத் தேவையானதை மட்டும் நினைவில் வைத்தது: விளையாடுபவர்களுக்கு 8 பிட் அகலமுள்ள இரண்டு உருவங்கள், இரண்டு ஏவுகணைகள், ஒரு பந்து, 20 பிட் கொண்ட பின்புலம். அந்தப் பின்புலம் திரையின் இடப்பாதியை நிரப்பும். வலப்பாதியில் அதுவே மீண்டும் வரும் அல்லது கண்ணாடி பிம்பமாகத் திரும்பி வரும். அடுத்த கோட்டில் வேறு ஏதேனும் தெரிய வேண்டுமானால், கற்றை அங்கே வந்து சேர்வதற்குள் நிரல் இவற்றை வைத்திருக்கும் பதிவேடுகளை, அதாவது சில்லுக்குள் உள்ள சிறு நினைவிடங்களை, மாற்றியாக வேண்டும்.

அதற்கு எவ்வளவு நேரம் கிடைத்தது? டி.ஐ.ஏ. ஒரு கோட்டை 228 துடிப்புகளில் முடிக்கும். நுண்செயலி அதில் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடியதால் அதற்கு ஒரு கோட்டுக்கு 76 சுற்றுகள் (நுண்செயலியின் கடிகாரத் துடிப்புகள்) கிடைத்தன. ஒரு கட்டளைக்கே குறைந்தது 2 சுற்றுகள் வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், எத்தனை குறுகிய இடைவெளியில் அந்த நிரலாளர்கள் வேலை செய்தார்கள் என்பது புலப்படும். ஆட்டத்தின் விதிகளையும் மதிப்பெண்ணையும் எதிரியின் நகர்வையும் கணக்கிட, திரைக்கு மேலும் கீழும் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் 70 கோடுகள் மட்டுமே இருந்தன. ஒரு படத்துக்கு 5,320 சுற்றுகள்.

இப்போது இதைக் கண்ணால் பாருங்கள். இந்தக் கருவியைப் போலவே கணினியில் இயங்கும் ஸ்டெல்லா என்ற இலவச எமுலேட்டரை நிறுவிக்கொண்டு, உரிமையோடு பெற்ற ஓர் ஆட்டத்தையோ ஆர்வலர்கள் இலவசமாக வெளியிடும் புதிய ஆட்டங்களில் ஒன்றையோ ஓடவிடுங்கள். டி.ஐ.ஏ. சில்லின் ஒவ்வொரு பொருளையும் தனித்தனி நிறத்தில் காட்டும் வசதியும், ஒவ்வொன்றாக மறைத்துப் பார்க்கும் வசதியும் அதில் உண்டு. கருவியுடன் வந்த காம்பாட் ஆட்டத்தை இப்படிப் பார்த்தால் இரண்டு டாங்கிகள், இரண்டு குண்டுகள், இருபுறமும் ஒத்த சுவர்கள் என்று அந்தச் சில்லின் வரைபடமே திரையில் விரிந்து கிடக்கும். சில்லு இத்தகைய ஆட்டங்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது.

அதன் பிறகு 1980இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பதிப்புக்குச் செல்லுங்கள். இரண்டே உருவங்கள் உள்ள சில்லில் ஒரு வரிசைக்கு ஆறு எதிரிகள் எப்படி வந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் உருவத்தை அதே கோட்டில் மூன்று முறை திரும்பக் காட்டும் வசதி டி.ஐ.ஏ.வில் இருந்தது, இரண்டு உருவங்களையும் அப்படிக் காட்டினால் ஆறு. 1982இல் வந்த பேக்-மேன் பதிப்பில் நான்கு பேய்களும் ஏன் மினுக்குகின்றன என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது: நான்கும் ஒரே உருவத்தைப் பகிர்ந்துகொண்டு, படத்துக்கு ஒன்றாக முறைவைத்துத் தோன்றின. எமுலேட்டரை நிறுத்தி ஒவ்வொரு படமாக நகர்த்தினால் இதைத் தெளிவாகக் காணலாம்.

எனக்கு இந்தக் கருவியின் இயல்பை ஒரே பார்வையில் உணர்த்திய ஆட்டம் 1979இல் வந்த வீடியோ செஸ். கணினி தன் அடுத்த நகர்வை யோசிக்கும்போது சதுரங்கப் பலகை மறைந்து, திரை முழுவதும் நிறங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பழுதோ என்று முதலில் நினைத்தேன். படத்தை வரைவதே நுண்செயலியின் வேலை என்பதால், அது யோசிக்கத் தொடங்கியதும் வரைய ஆளில்லை என்பது பிறகுதான் விளங்கியது. திரையில் படத்தை வரைவது எது என்ற கேள்வியை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கும் வழக்கம் எனக்கு அன்றிலிருந்து வந்தது.

இந்தக் கடினமான அமைப்பில் ஓர் அரிய பயனும் ஒளிந்திருந்தது. சில்லு எதையும் நிரந்தரமாக வரையறுக்காததால், நிரலாளர் கோட்டுக்குக் கோடு எதை வேண்டுமானாலும் மாற்றலாம். 1982இல் டேவிட் கிரேன் எழுதிய பிட்ஃபால் ஆட்டத்தில் 255 காட்சிகள் வருகின்றன; அவை எங்கும் சேமிக்கப்படவில்லை, 8 பிட் எண் ஒன்றை முன்னும் பின்னும் உருட்டி அவ்வப்போது உண்டாக்கப்படுகின்றன. முழு ஆட்டமும் 4 கிலோபைட்டில் அடங்கியது. பாங் போன்ற ஆட்டங்களை மனத்தில் கொண்டு செய்த ஒரு கருவி 1992 வரை உற்பத்தியில் இருந்ததற்கு, வன்பொருளின் வறுமையை நிரலின் சுதந்திரமாக மாற்றிய இந்த அமைப்பே முதன்மையான காரணம் என்பது என் கருத்து.

படத்தை வரையும் பொறுப்பு கைமாறியது

நினைவகத்தின் விலை இறங்க இறங்க, வரையும் வேலை நுண்செயலியிடமிருந்து தனிச்சில்லுக்கு நகர்ந்தது. 1982இல் வந்த கோலிக்கோவிஷன் கருவியில் இசட்80 வகை நுண்செயலிக்குத் துணையாக டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் படச்சில்லும், அதற்கென்றே 16 கிலோபைட் நினைவகமும் இருந்தன. அதே ஆண்டில் வந்த வெக்ட்ரெக்ஸ் இந்த வரிசையிலேயே சேராதது: தன் சொந்தப் படக்குழாயுடன் வந்து, கிடைக்கோடுகளை ஓட்டாமல் கற்றையை நேரடியாக உருவங்களின் விளிம்புகளில் செலுத்தியது.

1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபாமிகாம் கருவியை மசாயுகி உவெமுரா வடிவமைத்தார். அதன் திரை 256க்கு 240 புள்ளிகள் கொண்டது. புள்ளிகளைச் சேமிப்பதற்குப் பதிலாக, 8க்கு 8 புள்ளி அளவுள்ள ஓடுகளைக் கார்ட்ரிட்ஜில் வைத்துவிட்டு, எந்த இடத்தில் எந்த ஓடு என்ற பட்டியலை மட்டும் கருவி நினைவில் வைத்தது. 32 பத்திகள், 30 வரிசைகள், ஆக 960 பைட். நிறக் குறிப்புகளுக்கு 64 பைட். ஒரு முழுத் திரை சரியாக 1 கிலோபைட். படத்துக்கு ஒதுக்கிய நினைவகம் 2 கிலோபைட் என்பதால் இரண்டு திரைகள் அடுத்தடுத்து இடம்பெற்றன. திரை வழுக்கி நகரும் ஆட்டங்கள் சுலபமாக அமைந்தது இதனால்தான். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேகத்தையும் புதரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே ஓடுகள். நிறம் மட்டுமே வேறு. நகரும் உருவங்களுக்கும் ஓர் எல்லை உண்டு: ஒரே கோட்டில் எட்டுக்கு மேல் வந்தால் மிகுதி தெரியாது. பல எதிரிகள் ஒரே மட்டத்தில் நிற்கும்போது உருவங்கள் மினுங்கினால், பேக்-மேனின் பேய்களைப் போலவே அங்கும் முறைவைத்துக் காட்டுகிறார்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

ஃபாமிகாம் வந்த அதே 1983இல் அமெரிக்கச் சந்தை சரிந்தது. யார் வேண்டுமானாலும் கார்ட்ரிட்ஜ் செய்து விற்கலாம் என்ற நிலையில் தரமற்ற ஆட்டங்கள் பெருகியது அதற்கு ஒரு காரணம். ஃபாமிகாமின் மறுவடிவமாக 1985இல் அமெரிக்காவுக்கு வந்த என்.இ.எஸ். கருவிக்குள் ஒரு பூட்டுச்சில்லு வைக்கப்பட்டதையும், அதன் இணைச்சில்லு இல்லாத கார்ட்ரிட்ஜ் ஓடாதபடி தடுக்கப்பட்டதையும் இந்தப் பின்னணியில் வைத்துப் படியுங்கள். வணிக வரலாறு இவ்வளவு நேரடியாகச் சில்லு வடிவில் பலகைமீது அமர்ந்திருப்பதை வேறெங்கும் காண்பது அரிது.

உண்மையான கருவி கையில் இருந்தால்

மின்சாரம் கொடுப்பதற்கு முன் அடாப்டரின் மீதுள்ள எழுத்துகளைப் படியுங்கள். அட்டாரி 2600க்கு 9 வோல்ட் நேர்மின்னோட்டம் வேண்டும், அசல் என்.இ.எஸ். அடாப்டர் தருவது 9 வோல்ட் மாறுமின்னோட்டம். எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிச் செருகினால், நேர்மின்னோட்டத்தை எதிர்பார்க்கும் கருவி பழுதாகிவிடலாம். வெக்ட்ரெக்ஸையும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளையும் பயிற்சி இல்லாமல் திறக்கவே வேண்டாம். மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் படக்குழாயில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள். ஊதியபின் ஓடுவதுபோல் தோன்றுவது, வெளியே எடுத்து மறுபடி செருகியதால் தொடர்பு சரியானதன் விளைவு. மூச்சின் ஈரம் காலப்போக்கில் உலோகத்தை அரிக்கும். அடர்த்தியான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, தொடர்பு முனைகளை மென்மையாகத் துடைத்து, முழுவதும் உலர்ந்த பின் செருகுங்கள்.

கட்டுப்பாட்டுக் கருவிகளையும் ஆராயுங்கள். அட்டாரி ஜாய்ஸ்டிக் ஐந்து சுவிட்சுகள் மட்டுமே கொண்டது. அதன் திருகுகுமிழ் வகை சுவையானது: குமிழ் ஒரு மாறுமின்தடை; அதன் வழியே ஒரு மின்தேக்கி நிரம்புவதற்கு எத்தனை திரைக்கோடுகள் ஆகின்றன என்று நிரல் எண்ணும். கையின் நிலைகூட இங்கே கற்றையின் ஓட்டத்தால் அளக்கப்படுகிறது. என்.இ.எஸ். துப்பாக்கி தட்டைத் திரைகளில் வேலை செய்யாததற்கும் இதே வகைக் காரணம் உண்டு; விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து இலக்கு வெள்ளையாவதை அது படக்குழாயின் வேகத்தில் எதிர்பார்க்கிறது.

கடைசியாக, நீங்களே ஒரு சிறு நிரல் எழுதிப் பாருங்கள். எழுதிய கட்டளைகளை நுண்செயலியின் மொழிக்கு மாற்றும் டாஸ்ம் என்ற இலவச அசெம்பிளரும் ஸ்டெல்லாவும் போதும். புதிய படம் தொடங்குவதை அறிவிக்க 3 கோடுகளுக்கு ஒத்திசைவுத் துடிப்பு, 37 வெற்றுக் கோடுகள், 192 படக் கோடுகள், 30 வெற்றுக் கோடுகள் என்று 262ஐ எண்ணி முடிக்கும் ஒரு சுழற்சியை எழுதி, ஒவ்வொரு படக் கோட்டின் தொடக்கத்திலும் பின்னணி நிறத்தை ஒன்று கூட்டுங்கள். திரையில் கிடைப்பட்டைகளாக ஒரு வானவில் விரியும். அது சரியாக வந்ததும், நிறத்தை மாற்றும் கட்டளைக்கு முன்னால் ஒன்றும் செய்யாத 2 சுற்றுக் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். முதலில் சேர்ப்பவை கற்றை இடப்பக்கம் திரும்பும் நேரத்தில் கழிந்துவிடும்; ஏறத்தாழப் பத்துக் கட்டளைகளுக்குப் பிறகு, சேர்க்கும் ஒவ்வொரு கட்டளைக்கும் நிறம் மாறும் இடம் திரையில் சரியாக 6 புள்ளிகள் வலப்பக்கம் நகர்வதைக் காண்பீர்கள்.